குமிழிக்குள் போன பதில்

அந்தத் தெருவில் ஓர் ஆளைப் பற்றி விசாரிக்கப் போனால், யார் மகன், எந்த வீடு என்று யாரும் கேட்க மாட்டார்கள். "எந்தப் பிளாஸ்டிக்?" என்றுதான் கேட்பார்கள். தெருமுனையில் பி.வி.சி. குழாய் பிழிகிற பட்டறை. அதற்கு எதிரே பாலிபுரொப்பிலீனை உருக்கி அச்சுக்குள் பீய்ச்சி, வாளியும் நாற்காலியும் வார்க்கிற இடம். அதற்கடுத்து தெர்மகோல். கடுகு மாதிரியான மணிகளை ஆவியில் விட்டால் அவை பொங்கி, ஒன்றையொன்று கட்டிக்கொண்டு, வெள்ளைப் பலகையாக வெளியே வரும். அங்கே நெடுநாள் வேலை பார்த்தவர்கள் எடை குறைந்துபோய், காற்றடிக்கிற நாட்களில் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் வாசலுக்கு வருவார்கள். கயிறு பக்கத்துப் பட்டறையிலேயே கிடைக்கும். அது நைலான்.

தெருக்கோடியில், மற்றக் கூரைகளுக்கெல்லாம் மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றது பை பட்டறை. அத்தனை உயரம் மனிதர்களுக்குத் தேவையில்லை. அது குமிழிக்காகக் கட்டியது.

குமிழியை வளர்க்கிறவருக்கும் குமிழி என்றே பெயராகிவிட்டது. வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதை அவர் கடைசியாக எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியாது. வேலை என்னவோ எளிதுதான். பாலித்தீன் குருணை புனல் வழியாக இயந்திரத்துக்குள் இறங்கும். உள்ளே ஒரு நீண்ட திருகு அதைத் தள்ளிக்கொண்டே போக, சுற்றியிருக்கும் சூட்டில் குருணை இளகித் தேனாகும். அந்தத் தேன் வட்டமான ஒரு பிளவு வழியாக மேல்நோக்கிக் குழல் மாதிரி வரும். நடுவில் காற்றை விட்டால் குழல் உப்பி, இரண்டு மாடி உயரத்துக்கு எழும்பும். உச்சியில் இரண்டு உருளைகள் அதை நசுக்கித் தட்டையாக்கிக் கீழே அனுப்பும். கீழே கத்திரி நறுக்கினால் பை.

இதில் குமிழியின் பங்கு, அண்ணாந்து பார்ப்பது. ஓரிடத்தில் மெலிகிறதா, ஒருபக்கம் சாய்கிறதா, ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது. அவர் கையில் எந்தக் குமிழியும் உடைந்ததில்லை. அவருடைய ஒரே பெருமை அதுதான். ஒரே சேதமும் அதில்தான். பார்த்துப் பார்த்துக் கழுத்து அப்படியே நின்றுவிட்டது. யாரிடம் பேசினாலும் அவர்களுடைய தலைக்கு மேலே இருக்கிற எதையாவது பார்த்துத்தான் பேசுவார். மேனேஜரிடம் பேசும்போது சுவர்க்கடிகாரத்தை. கடைக்காரரிடம் பேசும்போது மேல்தட்டு டப்பாக்களை. சொந்தத் தங்கை கல்யாணத்தில், வந்தவர்களையெல்லாம் மின்விசிறியைப் பார்த்தே வரவேற்றார்.

பை வெட்டும் இயந்திரத்தில் இருந்தவளை எல்லோரும் கத்திரி என்பார்கள். சூடான தகடு ஒன்று இறங்கி, பையின் அடியை ஒட்டி, அதே மூச்சில் வெட்டியும் விடும். தாளம் தப்பாமல் அதற்குப் படலத்தைக் கொடுக்க வேண்டும். நாக்கும் அந்தத் தகடு மாதிரிதான். அவள் குரல் குமிழிக்கு நன்றாகத் தெரியும். அவள் வெட்டிய விளிம்பின் நேர்த்தி தெரியும். அவள் எப்படியிருப்பாள் என்பது மட்டும், மேகத்துக்குப் பின்னால் இருக்கிற ஊர் மாதிரி, உத்தேசமாகத்தான் தெரியும்.

குருணை கொட்டுகிற மாமாதான் ஆரம்பித்து வைத்தார். ஊரில் உள்ள எல்லோருக்கும் அவர் மாமா, யாருக்கும் சொந்தமில்லை.

"டேய் குமிழி, ஒண்ணு கவனிச்சியா? அந்தப் பொண்ணு என்னை மாமாங்குது. மேனேஜரை சாருங்குது. மத்தவனையெல்லாம் அண்ணேங்குது. உன்னை மட்டும் என்ன சொல்லிக் கூப்பிடுது?"

குமிழி கூரைத் தகட்டைப் பார்த்து யோசித்தார். "'இந்தாங்க'ன்னு கூப்பிடறாங்க."

"ஆங்! இந்தாங்க. அதுக்கு என்ன அர்த்தம்?"

"கையில ஏதாவது குடுக்கறாங்களோ என்னமோ."

"தலையெழுத்துடா" என்று மாமா மூட்டையைப் பிரித்தார்.

ஆனாலும் அந்த 'இந்தாங்க' குமிழிக்குள் இறங்கிவிட்டது. புனலில் இறங்கிய குருணை மாதிரி, மெல்லச் சுற்றிச் சுற்றி, சூடேறி, இளகி, ஒருநாள் காலையில் வாய்வழியாக வெளியேயும் வந்துவிட்டது.

அன்று புது ஓட்டம் தொடங்குகிற நாள். காய்கறிச் சந்தை முழுமைக்கும் பை. இயந்திரம் சூடாகி, முதல் குழல் வழவழவென்று வந்தது. குமிழி கையுறையோடு அதைப் பிடித்துக் கயிற்றில் கட்டி மேலே ஏற்றினார். உருளைகள் அதைக் கவ்விக்கொண்டன. காற்றை விட்டதும் குழல் மூச்சு வாங்கி விரிந்தது. ஆனால் அகலம் இரண்டு விரல் குறைந்தது.

இந்த இடத்தில் மற்றப் பட்டறைகளில் இயந்திரக் காற்றையே கொஞ்சம் கூட்டுவார்கள். இவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். இயந்திரத்துக்குக் கொஞ்சம் என்றால் என்னவென்று தெரியாது என்பது இவர்கள் கட்சி. குழல் வெளிவருகிற பிளவின் நடுத்துளையிலிருந்து ஒரு ரப்பர் குழாய் தொங்கும். நுனியில் பித்தளைத் திருகு. கடைசி அளவை வாயால் ஊதித்தான் சரிசெய்வார்கள். குமிழி குழாயைக் கையில் எடுத்தார். ஏதோ காகிதத்தைக் கேட்டுக் கத்திரி அருகே வந்து நின்றிருந்தாள். அவர் அண்ணாந்தபடியே சொன்னார்:

"எனக்கு ஒரு யோசனை. நாம கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன?"

அவர் குமிழியைத்தான் கேட்கிறார் என்று மாமா ஒரு நொடி நினைத்துவிட்டார். இத்தனை நாள் பழக்கத்தில் அப்படியும் நடக்கலாம்.

"யாரைக் கேக்கறீங்க?" என்றாள் கத்திரி.

"உங்களைத்தான்." பார்வை குமிழியின் இடுப்பில். "இன்னும் ரெண்டு விரல் ஏறணும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

சொன்னதும் மூச்சு போய்விட்டது. ஊதினார், குழாய்க்குள் ஓர் இருமல்தான் போயிற்று.

"தள்ளுங்க" என்று அவள் குழாயைப் பிடுங்கினாள். நுனியை வாயில் வைத்தாள். ஊதினாள் என்று சொல்ல முடியாது, உதடு அசைந்தது. ஏதோ பேசினாள். நிதானமாக, முழுசாகப் பேசி முடித்து, பித்தளைத் திருகை இறுக்கி மூடினாள். குமிழி சரியாக இரண்டு விரல் அகலம் ஏறி நின்றது.

"சொல்லிட்டேன்" என்றாள்.

"என்ன சொன்னீங்க? சத்தத்துல கேக்கல."

"சொன்னது உள்ளே இருக்கு. நீங்க கேட்டது அதைப் பார்த்துத்தானே? பதிலையும் அதுக்கிட்டயே வாங்கிக்கோங்க. நான் ஒரு தடவைதான் சொல்வேன்."

காகிதத்தைக்கூட வாங்காமல் போய்விட்டாள்.

சந்தை ஆட்களுக்கு இது விளங்காது. பட்டறை ஆட்களுக்கு உடனே விளங்கிவிட்டது. குமிழியின் தோல்தான் ஓடிக்கொண்டே இருக்கும். கீழே பிறந்து, மேலே ஏறி, உருளையில் நசுங்கிப் பையாகப் போய்விடும். உள்ளே இருக்கிற காற்று எங்கும் போகாது. மேலே உருளை அடைத்திருக்கிறது, கீழே பித்தளைத் திருகு அடைத்திருக்கிறது. ஓட்டம் முடிகிறவரை அதே காற்றுதான் நிற்கும். அதாவது, சந்தைக்கு வேண்டிய பை முழுதும் முடிகிறவரை, அவள் பதில் உள்ளேயே இருக்கும்.

"அதுவரைக்கும் பொறுக்க வேண்டியதுதான்" என்றார் மாமா. "நல்ல இடத்துலதான் பத்திரமா இருக்கு."

குமிழி பொறுத்தார். இதற்கு முன் அவர் குமிழியை வேலையாகப் பார்த்தார். இப்போது அதை, உள்ளே ஆள் குடியிருக்கிற வீடு மாதிரிப் பார்த்தார். பால் நிறத்தில், கூரைக் கண்ணாடி வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு, அது அசையாமல் நின்றது. காலையில் பதில் அடியில் படிந்திருக்கும், லேசான புகைமூட்டம் மாதிரி. வெயில் ஏற ஏற அதுவும் மேலே ஏறி, மத்தியானத்தில் உருளைகளுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். சாயங்காலம் மெல்ல இறங்கி வரும். ஒருநாள் மழை. அன்று பதில் குமிழியின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு வெளியே வேடிக்கை பார்த்தது. குமிழி அதன் அருகே காதைக் கொண்டுபோனார். சூடு காதைச் சுட்டதுதான் மிச்சம்.

இதற்குள் பைகள் சந்தைக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. பாலித்தீன் பை ஒட்டிக்கொண்டு பிரியாது. இரண்டு விரலால் தேய்த்து, வாயைத் திறந்து, ஓர் உதறு உதற வேண்டும். அப்படி உதறும்போதுதான் சில காரியங்கள் நடந்தன.

முதல் செய்தியை மாமா கொண்டுவந்தார். காய்கறிக் கடையில் ஓர் அம்மாள் பையை உதறினாள். உடனே தலையை நிமிர்த்திக் கடைக்காரரைப் பார்த்து, "என்னங்க, உடம்பு இளைச்சுட்டீங்க, சாப்பிடறீங்களா இல்லையா?" என்றாளாம். இத்தனை வருஷத்தில் வெண்டைக்காயைத் தவிர அவள் எதையும் நலம் விசாரித்ததில்லை. கடைக்காரர் கண் கலங்கி ஒரு கை கூடுதலாக அள்ளிப் போட்டார்.

"சரின்னுதான் சொல்லியிருக்கு பொண்ணு" என்றார் மாமா. "பையில ஈரம் ஒட்டியிருக்கு பாரு."

மறுநாள் மேனேஜர் வேறு செய்தியோடு வந்தார். முடிவெட்டுகிற கடையில் சீப்பு வாங்கிவந்த பையைப் பிரித்தாராம் கடைக்காரர். பிரித்ததும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரை வெறித்துப் பார்த்து, "இந்த மூஞ்சிக்கா நான் இந்த வெட்டு வெட்டிட்டிருந்தேன்?" என்று கத்தரிக்கோலைக் கீழே வைத்துக் கடையைச் சாத்திவிட்டார்.

"முடியாதுன்னு சொல்லியிருக்கா" என்றார் மேனேஜர். "தெளிவா தெரியுது."

அதற்கப்புறம் செய்திகள் இரண்டு பக்கமும் வந்தன. ஒரு கணவன் தக்காளிப் பையைப் பிரித்தவன் மனைவியிடம், "நீ எப்போ கண்ணாடி போட ஆரம்பிச்சே?" என்று கேட்டான். பையில் இருந்த தக்காளி மொத்தமும் அவன் சட்டைக்கு மாறியது. ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா மதியச் சாப்பாட்டுப் பையைப் பிரித்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நின்ற வரிசையை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு மீசை இருக்கிற விஷயம் ஊருக்கு அன்றுதான் தெரிந்தது. சந்தையில் சத்தம் குறைந்துபோயிற்று. நடந்துபோகிறவர்கள் நடுவில் நின்று நின்று போனார்கள், தூக்கத்தில் யாரோ கூப்பிட்ட மாதிரி.

குமிழி எல்லாவற்றையும் கேட்டார். ஒரு நாள் 'சரி' பக்கம் சாய்ந்தார், ஒரு நாள் 'முடியாது' பக்கம் சாய்ந்தார். அவர் சாய்ந்தால் குமிழியும் சாயும் என்பதால் நடுவில் நிற்கப் பழகினார்.

அப்படி நின்றுகொண்டிருந்த ஒரு மத்தியானம் கத்திரியின் அண்ணன் வந்தார்.

அண்ணன் பேக்கலைட். சுவிட்ச் செய்கிற பட்டறை. பாலித்தீனை எத்தனை தடவை வேண்டுமானாலும் உருக்கலாம், மனம் மாறுகிற ஜாதி அது. பேக்கலைட் அப்படியில்லை. பொடியை அச்சில் போட்டுச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒருமுறை இறுகவிட்டால் இறுகியதுதான். அப்புறம் நெருப்பில் போட்டாலும் கருகுமே ஒழிய இளகாது. அண்ணன் அந்தப் பொடியை வருஷக்கணக்காகச் சுவாசித்தவர்.

அவரோடு கூட ஒருவர் வந்திருந்தார். பாட்டில் பட்டறை வைத்திருக்கிறவர். மடிப்புக் கலையாத சட்டை, கையில் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழல் மாதிரி ஏதோ. அதைக் கத்திரியிடம் நீட்டினார்.

"இது பெட்டுன்னு ஒரு பிளாஸ்டிக். பாட்டிலோட குழந்தைன்னு வெச்சுக்கோங்க. சூடுகாட்டி அச்சுக்குள்ள வெச்சு ஊதினா முழுப் பாட்டில். மூடி போடற மரை மட்டும் பிறக்கும்போதே இருக்கும்."

"தலை முதல்லயே வந்துடுதா?" என்றாள் கத்திரி. "சில பேருக்கு அதுதான் அப்புறமும் சரியா வரமாட்டேங்குது."

பாட்டில்காரர் சிரித்தார். அவளை நேராகப் பார்த்துச் சிரித்தார். குமிழிக்கு அது தெரியாது, உருளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாதான் காதில் போட்டார்: "டேய், அவன் பார்க்கறான்டா. நல்லாப் பார்க்கறான்."

"பாப்பா, இவர் கேட்டாச்சு. உன் பதில் என்ன?" என்றார் அண்ணன்.

"என்கிட்ட முன்னாலயே ஒருத்தர் கேட்டாச்சு அண்ணே. அவருக்குப் பதிலும் சொல்லியாச்சு. அவர் அதைக் கேட்டுட்டார்னா, அடுத்தவருக்கு என்ன சொல்றதுன்னு பார்க்கலாம்."

"எங்கே சொன்னே?"

அவள் மோவாயால் குமிழியைக் காட்டினாள். அண்ணன் அண்ணாந்து பார்த்தார். பிறகு, தானும் அண்ணாந்து நின்ற குமிழியைப் பார்த்தார்.

"இந்தாப்பா, நான் சாயங்காலம் இவருக்கு வாக்குக் குடுத்துடுவேன். குடுத்தா குடுத்ததுதான், உனக்கே தெரியும். அதுக்குள்ள உன் பதிலை எடுத்துக் கேளு. இல்லேன்னா ஆயுசுக்கும் அதை அண்ணாந்து பார்த்துட்டே இரு."

மேனேஜர் ஓடிவந்தார். "உடைக்கவா? சந்தை முழுக்கப் பைக்கு நிக்குதுங்க! யோவ் குமிழி, உன் கையில ஒண்ணுகூட உடைஞ்சதில்லைன்னு ஊரே பேசுது. பேர் போயிடும்யா."

குமிழிக்கென்று இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். அதையும் உள்ளே இருந்ததையும் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு போய், குருணையைத் தள்ளும் திருகை ஓட்டுகிற மோட்டாரை அணைத்தார். குளிர்காற்று விசிறியை அணைத்தார். உருளைகளை நிறுத்தினார். வெட்டும் தகடும் நின்றது.

அந்தக் கூடத்தில் அப்படி ஓர் அமைதியை யாரும் கேட்டதில்லை. தெர்மகோல் பட்டறையில் மணிகள் பொங்குவது கேட்டது. குமிழி இரும்பு ஏணியில் ஏறினார். ஏற ஏறக் குமிழியும் பக்கத்திலேயே கூட வந்தது, இருவரும் ஒரே ஊருக்குப் போகிற மாதிரி. உச்சி மேடையில் படலம் ஆறிப்போய்க் கன்னம் மாதிரி இருந்தது. அவர் அதை ஒருமுறை தடவினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு குத்தினார்.

வெடிக்கும் என்று எல்லோரும் காதைப் பொத்தினார்கள். அது வெடிக்கவில்லை. நெடுநேரம் பேசாமல் இருந்த ஒருவர் பெருமூச்சு விடுகிற மாதிரி, துளை வழியாக இதமான காற்று வந்தது. குமிழி காதைக் கொடுத்தார். அவளுடைய குரல்தான். நாள்பட்டதில் கொஞ்சம் வெதுவெதுப்பாகியிருந்தது.

"அண்ணாந்தது போதும். என் மூஞ்சியைப் பார்த்துக் கேளுங்க, சொல்றேன்."

காற்று அவர் காதோடு நிற்கவில்லை. குமிழி சுருங்கச் சுருங்க அது கூடமெங்கும் இறங்கியது. கீழே நின்றவர்கள், சந்தையில் பையை உதறியவர்கள் மாதிரியே, ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்த்தார்கள். மேனேஜர் மாமாவைப் பார்த்து, "உங்களுக்கு இவ்வளவு வயசாயிடுச்சா?" என்றார். மாமா மேனேஜரைப் பார்த்து, "உனக்கு இவ்வளவுதான் வயசா?" என்றார். பாட்டில்காரர் கத்திரியின் முகத்தை இன்னொரு தடவை பார்த்தார். அவள் ஏணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நல்ல மனிதர், பார்க்கத் தெரிந்தவர். பார்த்ததும் புரிந்துகொண்டு, "ஒரு நடை பட்டறைக்குப் போயிட்டு வரேன்" என்று கிளம்பினார். திரும்பி வரவில்லை.

அண்ணன் தங்கையின் முகத்தைப் பார்த்தார். இளகினார் என்று சொன்னால் பொய். கருகவில்லை, அவ்வளவுதான்.

குமிழி கீழே இறங்கிவந்து அவள் முன்னால் நின்றார். பழக்கம் விடவில்லை; அவள் தலைக்குப் பின்னால் இருந்த விசிறியில்தான் முதலில் கண் போயிற்று. பிறகு கழுத்தை இறக்கினார். நாள்பட்ட டப்பாவின் மூடி திறக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. மாமாவுக்கும் கேட்டது.

மோவாயில் தகடு பட்ட சிறு தழும்பு. ஒரு புருவம் மற்றதைவிடக் கொஞ்சம் மேலே. இத்தனை நாளும் குமிழிக்குள் அவர் பார்த்த எதுவும் இதில் கால்பங்கு இல்லை.

"நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

"இதைக் கேக்க இவ்வளவு நல்ல குமிழியை உடைக்கணுமா?" என்றாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிப் பார்த்தாள், அடங்கவில்லை. "சரி. ஆனா அந்தக் குழாயை இனிமே நீங்க தனியா ஊதக்கூடாது. உங்க மூச்சு பத்தாது."

"வாங்க மாப்பிள்ளை, டீ குடிக்கலாம்" என்றார் அண்ணன். சொன்னால் சொன்னதுதான்.

தொய்ந்து கிடந்த படலத்தை மாமா சுருட்டி அரவையில் போட்டார். பாலித்தீனுக்கு அது ஒரு பெரிய விஷயமில்லை. அரைத்து உருக்கினால் மறுபடியும் குருணை. மறுநாள் காலையில் புதுக் குமிழி எழுந்தது. கடைசி அளவை இரண்டு பேர் சேர்ந்து ஊதினார்கள். அகலம் கொஞ்சம் கூடித்தான் போனது. அந்தப் பைகளில் ஒரு கிலோ கேட்டால் ஒன்றேகால் பிடிக்கும் என்று சந்தையில் சண்டை போட்டு வாங்கினார்கள்.

அதற்குப் பிறகு குமிழி அவ்வப்போது உடைந்தது. ஒருநாள் சாய்ந்து உடையும், ஒருநாள் மெலிந்து உடையும். காரணம் எல்லோருக்கும் தெரியும். அவர் பார்வை பாதி நேரம் வெட்டும் இயந்திரத்தின் பக்கமே இருந்தது. மேனேஜர் கத்துவார். மாமா தலையில் அடித்துக்கொண்டு, உடைந்ததையெல்லாம் வாரி அரவையில் போடுவார். குமிழி தலையைக் குனிந்து, தரையைப் பார்த்து, மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். கழுத்துக்கு அது நல்ல பயிற்சி.